யாரைத் தூக்கினால் நோட்டீஸ் வரும்?

‘தூக்கு’ என்ற வினைச்சொல்லுக்கு அகராதி சொல்லும் பொருள் குழந்தைக்கும் பெட்டி படுக்கைக்கும் போதும். ஹைதராபாத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்குப் போதாது. மாதாப்பூர் பக்கம் ஏதாவது ஒரு கம்பெனி கேண்டீனில் நாலு தமிழ்ப் பையன்கள் உட்கார்ந்தால் பேச்சு இப்படி ஓடும். “அவனை ப்ராஜெக்ட்ல இருந்து தூக்கிட்டாங்கடா.” “ப்ரொடக்‌ஷன்ல அந்த டேபிளையே தூக்கிட்டான் மச்சி, பேக்கப்பும் கிடையாது.” “நேத்து ராத்திரி இன்னொரு எம்எல்ஏவைத் தூக்கிட்டாங்களாம்.” மூன்று வாக்கியம், ஒரே வினை. பக்கத்து மேசைத் தெலுங்கர் ‘லேபேசாரு’ என்பார். சார்மினார் பக்கத்துக்காரர் ‘உடா தியே’ என்பார். எந்த மொழியில் சொன்னாலும் தூக்கப்பட்டவருக்குத்தான் பெயர் உண்டு. தூக்கியவர் ‘ஆங்க’ என்ற விகுதிக்குள் பத்திரமாக ஒளிந்திருப்பார்.

அரசியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு வினைச்சொல் இருப்பது நமக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் இல்லை. அமெரிக்காவில் 1987இல் ராபர்ட் போர்க் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்கு அதிபர் ரீகன் நியமித்தார். எதிர்ப்பாளர்கள் நாடு முழுக்கப் பிரசாரம் நடத்தி, அந்த அக்டோபரில் செனட்டில் 58க்கு 42 என்ற கணக்கில் அவரைக் கவிழ்த்தார்கள். அன்றிலிருந்து ஒருவரைத் திட்டமிட்டுப் பதவிக்கு வரவிடாமல் அடிப்பதற்கு ‘போர்க் பண்ணுவது’ என்றே பெயர். கம்ப்யூட்டர்காரர்களிடம் அதே ஒலியில் ஒரு சொல் புழங்குகிறது: நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் யாரோ கைவைத்ததும் படுத்துவிட்டால் ‘போர்க் ஆயிடுச்சு’. கேலிக்குரிய கதைதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த மனிதரை நாற்காலியில் உட்கார வைத்து, டிவி கேமரா முன்னால், நாட்கணக்கில் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல விட்டார்கள். பிறகுதான் கவிழ்த்தார்கள்.

இங்கே அந்த மரியாதை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் மரியாதையோடு தூக்கப்படுபவர்களைப் பார்ப்போம். 2014இல் தெலங்கானா பிறந்தது. அந்த டிசம்பரிலேயே, தெலுங்கு தேசம் சின்னத்தில் ஜெயித்த தலசானி ஸ்ரீநிவாஸ் யாதவ் டிஆர்எஸ் ஆட்சியில் மந்திரி. தொட்டில் பிள்ளைக்கு ஏழு மாதம்கூட நிறையவில்லை, அதற்குள் ‘தூக்கு’ கற்றுக்கொண்டது. 2015 மே 31 அன்று, மேலவைத் தேர்தலில் ஓட்டுப் போட ஒரு நியமன எம்எல்ஏவுக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்க முயன்றதாக ஒருவர் ரகசிய கேமராவில் சிக்கிக் கைதானார். அப்போது தெலுங்கு தேசத்தில் இருந்த அவர் பெயர் ரேவந்த் ரெட்டி. இப்போது மாநிலத்தின் முதலமைச்சர்.

2018 தேர்தலில் காங்கிரஸ் 19 இடம் பிடித்தது. ஒருவர் எம்பி ஆகிப் போக, மிச்சம் 18. அதில் 12 பேர் 2019 ஜூன் 6 அன்று ‘எங்களை டிஆர்எஸ்ஸோடு சேர்த்துவிடுங்கள்’ என்று சபாநாயகரிடம் மனு கொடுத்தார்கள். பதினெட்டில் மூன்றில் இரண்டு பங்கு பன்னிரண்டு. கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் ஓட்டைக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒரு ஆள்கூட அதிகம் இல்லை, ஒரு ஆள்கூடக் குறைவு இல்லை. சபாநாயகர் போச்சாரம் ஸ்ரீநிவாஸ் ரெட்டி அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தார். காலையில் காங்கிரஸ், சாயங்காலம் டிஆர்எஸ். ஆதாரில் முகவரி மாற்ற நாம் அலைவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்தது மொய்னாபாத் பண்ணை வீடு. 2022 அக்டோபர் 26. டிஆர்எஸ் எம்எல்ஏக்கள் நால்வரை பாஜகவுக்குத் தூக்க பேரம் பேசியதாகச் சாமியார்கள் உட்பட மூன்று பேர் கைது. நூறு கோடி பேசப்பட்டதாகப் புகார். பாஜக மறுத்தது. முதலமைச்சர் கேசிஆர் பத்திரிகையாளர்களைக் கூட்டி வீடியோ போட்டுக் காட்டி, ஜனநாயகம் படுகொலை செய்யப்படுவதாகக் கொதித்தார். கொதிப்பு நியாயம்தான். ஆனால் அந்த நால்வரில் மூன்று பேர் 2018இல் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்து அவர் பக்கம் வந்தவர்கள். திருட்டுப் போன வீட்டில் முக்கால்வாசிப் பொருள் ஏற்கெனவே அடுத்த வீட்டிலிருந்து வந்தது. மிஞ்சிய ஒரே ஒரு சொந்தப் பொருளான குவ்வல பாலராஜு, 2023இல் தோற்று, 2025 ஆகஸ்டில் யாரும் பண்ணை வீடு வாடகைக்கு எடுக்காமலேயே பாஜகவில் போய்ச் சேர்ந்தார்.

2023 டிசம்பரில் ஆட்சி மாறியது, காற்றும் மாறியது. பிஆர்எஸ் என்று பெயர் மாற்றியிருந்த டிஆர்எஸ்ஸின் எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக ரேவந்த் ரெட்டி வீட்டுப் படியேறினார்கள். அந்தக் காட்சியை இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். சோபாவுக்கு முன்னால் வரிசை. கையில் பூங்கொத்து. முதலமைச்சர் கண்டுவா எனும் மூவர்ணத் துண்டை இரண்டு கையாலும் விரித்துக் கழுத்தில் போடுகிறார். போட்டுக்கொள்பவர் தலையைக் கொஞ்சம் குனிந்து, கண்ணை மட்டும் கேமராவுக்குத் திருப்புகிறார். பின்னால் நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம். இப்படிப் போனவர்கள் பத்துப் பேர். அதில் ஒருவர் முன்னாள் சபாநாயகர் போச்சாரம் ஸ்ரீநிவாஸ் ரெட்டி. ஆமாம், அவரேதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மற்றவர்களுக்கு முத்திரை குத்தி அனுப்பியவர் இப்போது அதே வழியில் தானே பயணி.

இன்னொருவர் தானம் நாகேந்தர். 2023இல் கைரதாபாத்தில் பிஆர்எஸ் கார் சின்னத்தில் ஜெயித்தார். 2024 மே மாதம் செகந்திராபாத் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் கை சின்னத்தில் நின்றார். நின்று, தோற்று, திரும்பி வந்து, சட்டமன்ற ஏட்டில் பிஆர்எஸ் உறுப்பினராகவே உட்கார்ந்தார். ஒரே விரலால் கைரதாபாத் வாக்காளர் ஆறு மாத இடைவெளியில் ஒரே ஆளுக்கு இரண்டு வேறு சின்னத்தில் குத்தும் பேறு பெற்றார். அரேகபூடி காந்தி என்ற இன்னொருவர் கதை இதைவிட ருசி. அவரைப் பொதுக் கணக்குக் குழுத் தலைவராக 2024இல் நியமித்தார்கள். மரபுப்படி அது எதிர்க்கட்சிக்கான நாற்காலி. காங்கிரசுக்கு வந்தவரைக் காங்கிரஸ் ஆட்சியைக் கண்காணிக்கும் எதிர்க்கட்சிக்காரராக உட்கார வைத்துவிட்டு, ‘ஏன், ஏட்டில் அவர் பிஆர்எஸ்தானே’ என்று கேட்டார்கள். முகத்தில் ஒரு தசை அசையாமல் கேட்டார்கள். அதற்கும் ஒரு பயிற்சி வேண்டும்.

பிஆர்எஸ் வழக்குப் போட்டது. மனு, பதில் மனு, தனி நீதிபதி, அமர்வு, பிறகு டெல்லி. 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம், அறுவைசிகிச்சை வெற்றி நோயாளி மரணம் என்கிற கதை ஆகிவிடக்கூடாது என்று கவலைப்பட்டு, மூன்று மாதத்தில் முடிவெடுக்கச் சபாநாயகருக்குச் சொன்னது. மூன்று மாதம் போனது. நோட்டீஸ் போனது, விளக்கம் வந்தது, வக்கீல்கள் வந்தார்கள், குறுக்கு விசாரணை நடந்தது. தொகுதி வளர்ச்சிக்காக முதலமைச்சரைப் பார்க்கப் போனோம், மரியாதைக்காக ஒரு துண்டு போட்டார் என்றார்கள். டிசம்பரில் சபாநாயகர் கட்டம் பிரசாத் குமார் முதல் ஐந்து பேர் மீதான மனுக்களைத் தள்ளுபடி செய்தார். கட்சி மாறியதற்கு ஆதாரம் இல்லையாம். காந்தியும் அந்த ஐவரில் ஒருவர்.

நம்மூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2017இல் கூவத்தூர் ரிசார்ட்டில் எம்எல்ஏக்களை அடைத்து வைத்துச் சாப்பாடு போட்ட மாநிலம் நம்முடையது. நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஓபிஎஸ் உள்ளிட்ட 11 பேர் மீது சபாநாயகருக்குக் கோபமே வரவில்லை. ஆளுநரிடம் மனு கொடுத்த 18 பேரின் பதவி ஒரே மாதத்துக்குள் போனது. சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு கண்ணுக்குத் தூரப்பார்வையும் மறு கண்ணுக்குக் கண்புரையும் ஒருசேர வந்துவிடும் போல.

சரி, இனி மரியாதை இல்லாமல் தூக்கப்படுபவர்கள். இவர்களுக்குப் பூங்கொத்து கிடையாது.

2014 ஆகஸ்ட் 19 அன்று தெலங்கானா அரசு ஒரே நாளில் மாநிலத்தின் எல்லா வீட்டையும் கணக்கெடுத்தது. அன்று அரசு விடுமுறை. கணக்கில் விட்டுப்போனால் சலுகை போய்விடும் என்ற பயத்தில் ஜனங்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் தொற்றிக்கொண்டு சொந்த ஊர் ஓடினார்கள். சமக்ர குடும்ப சர்வே என்று பெயர். அதற்குப் பிறகு அரசிடம் ஏறக்குறைய முப்பது துறைகளின் பதிவேடுகளை ஒன்றாகக் கோத்துப் பார்க்கும் ஒரு மென்பொருள் வந்தது. பெயர் சமக்ர வேதிகா. வாகனப் பதிவு, மின் இணைப்பு, சொத்து வரி, வருமானம் எல்லாவற்றிலும் இருக்கும் பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு, ‘இந்த லிங்கையாவும் அந்த லிங்கையாவும் ஒரே ஆள்’ என்று அது கணிக்கும். கவனியுங்கள், கணிக்கும். ஜோசியர் கணிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம், ஜோசியர் பரிகாரம் சொல்வார்.

2014க்கும் 2019க்கும் இடையில் தெலங்கானாவில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கார்டுகள் ரத்தாயின. புதிதாக விண்ணப்பித்தவர்களில் 1,42,086 பேருக்கு மறுப்பு. யாருக்கும் நோட்டீஸ் இல்லை. எல்லாம் போலி என்றது அரசு.

ஹைதராபாத்தில் ஒரு மூதாட்டி. கணவர் ரிக்‌ஷா இழுத்தவர். அந்த வீட்டு கார்டு போனது. காரணம், கணவர் பெயரில் கார் இருக்கிறதாம். கார் இருந்தது உண்மைதான். ஆனால் அது பெயரில் ஒரு சொல் கூடுதலாக உள்ள வேறு யாருடையதோ. சையத், முகமது, ஹைதர், அலி என்ற நாலைந்து சொற்களை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு மொஹல்லாவே வந்து நிற்கும் ஊர் இது. குலி குதுப் ஷாவின் நகரத்தில் பெயரை வைத்து ஆளைப் பிடிக்கும் இயந்திரத்தைக் கட்டியவர்கள், ஒரு நாள் ஒரு தெருவில் நின்று “அலி பாய்” என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். எத்தனை தலை திரும்புகிறது என்று தெரிந்திருக்கும்.

அந்த மாதிரி வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். முதல் தேதி தாண்டியதும் ரேஷன் கடை வரிசை. கடைக்காரர் மிஷினை நீட்டுகிறார். வயதானவர்களின் விரல் ரேகை பாத்திரம் தேய்த்தே பாதி அழிந்திருக்கும். ஈரத்தைப் புடவையில் துடைத்து, ஒரு தரம், இரண்டு தரம், அடுத்த விரல். மிஷின் கீச்சிடுகிறது. “அம்மா, நீ பேரு லேது.” உன் பேரு இல்லை. ஏன் இல்லை? “மீ சேவாவுல போய்க் கேளு.” மீ சேவா என்ற அரசு சேவை மையத்தில் இருக்கிற பையன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பாமலேயே, “ஆபீஸுக்குப் போங்க” என்கிறான். ஆபீஸில் இருப்பவர் நல்லவராகவே இருக்கலாம். “நாங்க எடுக்கலைம்மா, சிஸ்டம் எடுத்துடுச்சு” என்கிறார். கார் இல்லை என்று அவள் எப்படி நிரூபிப்பாள்? இருக்கிற காருக்கு ஆர்சி புத்தகம் உண்டு. இல்லாத காருக்கு எந்த ஆர்டிஓ சான்றிதழ் தருவார்?

சமூக ஆர்வலர் எஸ்.க்யூ. மசூத் இதை வழக்காக்கினார். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கம்ப்யூட்டர் சொன்னது போதாது, 19 லட்சம் கார்டுகளை நேரில் போய்ச் சரிபாருங்கள் என்று உத்தரவிட்டது. 4,91,899 பேர் மறுபரிசீலனை கேட்டார்கள். அந்த ஜூலை வரை 2,05,734 மனுக்களைப் பார்த்ததில் 15,471 பேர் தகுதியானவர்கள் என்று அரசே ஒப்புக்கொண்டது. நூற்றுக்கு ஏழரை. சதவீதக் கணக்கில் சின்ன எண்தான். ஏழரை என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சனி பகவான்கூட ஏழரை வருஷத்தில் எழுந்து போய்விடுவார். இந்த 15,471 வீடுகளில் அத்தனை மாதம் போகாத அரிசியை யார் திருப்பித் தந்தார்கள்? எந்த அதிகாரி மேல் நடவடிக்கை? மென்பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் அது தனியார் கம்பெனியின் உரிமை, காட்ட முடியாது. ஒரு கிழவியின் ரேகை, ஜாதி, வருமானம், வீட்டு மின்கட்டணம் எல்லாம் அரசு பார்க்கலாம். அவள் சோற்றைப் பிடுங்கிய சூத்திரத்தை மட்டும் அவள் பார்க்கக்கூடாது. இதற்குத் தொழில்நுட்பப் புரட்சி என்று ஹைடெக்ஸ் அரங்கில் மாநாடு போட்டுக் கைதட்டுகிறார்கள்.

ஓட்டும் அப்படித்தான் போனது. 2018 டிசம்பர் 7 அன்று தெலங்கானா தேர்தல். பாட்மிண்டன் வீராங்கனை ஜுவாலா கட்டா வாக்குச்சாவடிக்குப் போனால் பட்டியலில் பெயர் இல்லை. அவர் போட்ட ட்வீட் ஊரெல்லாம் சுற்றியது. அவரைப் போல எத்தனையோ பேர் அன்று மையில்லாத விரலோடு திரும்பினார்கள். தலைமைத் தேர்தல் அதிகாரி ரஜத் குமார் மன்னிப்புக் கேட்டார். தெலுங்குப் பத்திரிகைகள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘கல்லந்து’, காணாமல் போய்விட்டது. திருவிழாவில் கைவிட்டுப் போன குழந்தை மாதிரி ஓட்டு தானாகவே எங்கோ போய்விட்டதாம். ஆதார் எண்ணைச் சேர்த்துப் பட்டியலைச் சுத்தப்படுத்துகிறோம் என்று 2015இல் தேர்தல் ஆணையம் ஆரம்பித்த திட்டத்தில் ஹைதராபாத்தில் எவ்வளவு குழப்பம் என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. பத்து வருஷம் கழித்துப் பீகாரில் 65 லட்சம் பெயரைத் தூக்கினார்கள். யார் யாரை, ஏன் என்று கேட்டதற்கு, தனிப்பட்டியல் தரவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை என்றது ஆணையம். பெயரையும் காரணத்தையும் வெளியிடு என்று அங்கேயும் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. தூக்கத் தெரிந்தவனுக்குத் தூக்கியதை எழுதிக் காட்டத் தெரியாதா என்ன.

இந்த அரசாங்கங்களுக்குத் தகவலை அழிப்பது கைவராத வித்தை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 3 அன்று பிஆர்எஸ் தோற்றது. மறுநாள் இரவு உளவுப் பிரிவு அலுவலகத்தில் கேமராக்களை அணைத்துவிட்டு, போன் ஒட்டுக்கேட்பு விவரங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை வெட்டி நாசம் செய்ததாக ஒரு டிஎஸ்பி மீது வழக்கு. துண்டுகள் மூசி ஆற்றில் வீசப்பட்டதாகப் போலீஸ் சொன்னது. வழக்கு முடியட்டும், தீர்ப்பு வரட்டும். ஆனால் அந்த ராத்திரி வேலையின் நேர்த்தியைப் பாருங்கள். பெயர்க் குழப்பம் இல்லை, ஆள்மாறாட்டம் இல்லை, எந்த அப்பாவி ஹார்ட் டிஸ்க்கும் தவறுதலாக வெட்டுப்படவில்லை. ரிக்‌ஷாக்காரர் வீட்டு கார்டுக்கு அந்தக் கவனத்தில் காலே அரைக்கால் காட்டியிருந்தால் போதும்.

ஆகவே தெலங்கானா அரசுக்கு ஒரு யோசனை. செலவில்லாதது. ஆட்களையும் வேலையையும் கொஞ்சம் மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

கட்சித் தாவல் விவகாரத்தைச் சமக்ர வேதிகாவிடம் கொடுங்கள். கைரதாபாத்தில் கார் சின்னத்தில் ஒரு தானம் நாகேந்தர், செகந்திராபாத்தில் கை சின்னத்தில் ஒரு தானம் நாகேந்தர். தகப்பனார் பெயர் ஒன்று, முகவரி ஒன்று, முகம் ஒன்று. ரிக்‌ஷாக்காரருக்கும் கார்க்காரருக்கும் பொருத்தம் கண்ட இயந்திரம் இதற்கு ஒரு நொடிகூட எடுக்காது. எம்எல்ஏ காலையில் சட்டமன்ற வாசலில் விரலை வைப்பார். மிஷின் கீச்சிடும். “சார், மீ பேரு லேது.” ஏன் என்று கேட்டால் மீ சேவாவுக்குப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆபீஸுக்கு. சிஸ்டம் தூக்கிடுச்சு என்று ஆபீஸில் சொல்வார்கள். சூத்திரத்தைக் கேட்டால் அது கம்பெனி ரகசியம்.

ரேஷன் கார்டுகளைச் சபாநாயகரிடம் கொடுங்கள். அவர் முதலில் மனுவைப் பரிசீலிப்பார். பிறகு மூதாட்டிக்கு முறைப்படி நோட்டீஸ் போகும். பதில் தர அவகாசம் கேட்பாள், கிடைக்கும். அவள் சார்பில் மூத்த வழக்கறிஞர் வருவார். காரைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். கழுத்தில் கார் சாவி தொங்கும் போட்டோவே இருந்தாலும், அது மரியாதைக்காக யாரோ மாட்டிவிட்டது என்று வாதம் நடக்கும். இரண்டு வருஷம் ஆகும். உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு வைக்கும், அதுவும் தாண்டும். கடைசியில் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளுபடி ஆகும். அதுவரைக்கும் மாதாமாதம் ஆளுக்கு ஆறு கிலோ சன்ன அரிசி, ஒரு மணி குறையாமல், அவள் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.